பெயர்கள் மட்டும் ஊர் திரும்பின

இங்கிலாந்தில் ஒரு சிறிய கிராமத்தில் குடியேறியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் பக்கத்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், வாசலை ஒட்டி ஒரு கற்சிலுவை நிற்கிறது. அதன் பீடத்தில், முதல் உலகப்போரில் மாண்ட ஊர்க்காரர்கள் முப்பது முப்பத்தைந்து பேரின் பெயர்கள். அந்தப் பெயர்க்காரர்கள் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்களா, எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று ஏன் நிற்கிறது, அதைக் கழுவிச் சுத்தம் செய்வதற்குக்கூட ஏன் இத்தனை கூட்டமும் அனுமதியும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. அந்தச் சிலுவைக்கு அடியில் யாரும் இல்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடையும் இந்த 'இல்லை'யிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. அந்தச் சட்டம் 1916-இல்தான் வந்தது. முதல் ஒன்றரை ஆண்டுகளில் போனவர்கள் தாங்களாகப் பெயர் கொடுத்துப் போனவர்கள். ஏர் ஓட்டியவன், குதிரைக்கு லாடம் அடித்தவன், பண்ணை வீட்டு வேலைக்காரன், பள்ளி ஆசிரியர் என்று ஓர் ஊரின் இளைஞர்கள் சேர்ந்து போய், சேர்ந்தே ஒரு படைப்பிரிவில் இருந்தார்கள். பிரிட்டனிலிருந்து மட்டும் ஏறத்தாழ 60 லட்சம் பேர் போருக்குப் போனார்கள். அவர்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. உடலாகவும் திரும்பவில்லை.

உடல்கள் திரும்பாததற்குக் காரணம் இயலாமை மட்டும் இல்லை. அது அரசு தெரிந்தே எடுத்த முடிவு. போரின் தொடக்கத்தில் பணவசதி உள்ள சில குடும்பங்கள் மகனின் உடலைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தன. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன், அவரும் நாடாளுமன்ற உறுப்பினர், 1915 ஏப்ரலில் பிரான்ஸில் கொல்லப்பட்டார். அவர் உடல் வேல்ஸில் உள்ள ஹவார்டன் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிரபு குடும்பத்துப் பிள்ளைக்கு ஊர் மண், ஏழையின் பிள்ளைக்கு அந்நிய மண்ணா என்ற கேள்வி எழுந்தது. அதே 1915-இல், இனி யாருடைய உடலையும் தோண்டிக் கொண்டுவரக் கூடாது என்று தடை வந்தது. அதிகாரியானாலும் சிப்பாயானாலும், விழுந்த இடத்துக்கு அருகிலேயே தோழர்களோடு அடக்கம்.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஃபேபியன் வேர். ராணுவத்தில் சேர வயது கடந்துவிட்டதால் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவோடு பிரான்ஸுக்குப் போனவர். அங்கே சிதறிக் கிடந்த கல்லறைகளை யாருமே பதிவு செய்யவில்லை என்பதைக் கண்டு, தானே பதியத் தொடங்கினார். அந்த வேலை வளர்ந்துதான் 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் ஆயிற்று. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், பதவி பார்த்து வேறுபாடு இல்லை என்ற விதியை 1918-இல் வகுத்தார்கள். குடும்பத்தார் விரும்பினால் கல்லின் அடியில் ஒரு வாசகம் சேர்க்கலாம். 66 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்துக்கு மூன்றரைப் பென்னி. ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்ல நினைத்ததை எல்லாம் 66 எழுத்துக்குள் எண்ணி எண்ணி அடக்கியதை நினைத்துப் பாருங்கள்.

இந்த முடிவை மக்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் உடலைத் திருப்பிக் கொடுங்கள், குறைந்தது கல்லறையில் ஒரு சிலுவையாவது வைக்கவிடுங்கள் என்று 8,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு 1919-இல் மனுக் கொடுத்தார்கள். அந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்த ஃபுளோரன்ஸ் செசில் மூன்று மகன்களை இழந்தவர். அமெரிக்காவும் பிரான்ஸும் குடும்பம் கேட்டால் உடலை அனுப்பிவைத்தன. பிரிட்டன் கடைசிவரை மறுத்தது. 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து, சமத்துவம் என்ற கொள்கை நிலைத்தது. அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள், பிரான்ஸுக்குக் கப்பல் டிக்கெட் வாங்க வழியில்லாத பண்ணைக் கூலிக்காரர்களின் மனைவிமாரும் தாய்மாரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் மாண்டவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லறையே கிடையாது. பீரங்கிக் குண்டுகள் ஒரே நிலத்தை மூன்று நான்கு ஆண்டுகள் உழுது புரட்டியதில், உடல்கள் அடையாளம் தெரியாமல் போயின அல்லது கிடைக்கவே இல்லை. பிரான்ஸின் டியெப்வல் என்ற ஊரில் உள்ள நினைவு வளைவில் மட்டும் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் அங்கே சோம் ஆற்றை ஒட்டிய போர்க்களத்தில் காணாமல் போனவர்களுடையவை.

ஆக, ஊரில் எஞ்சியிருந்த குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு தந்தி அல்லது ஓர் அஞ்சல் தாள், பிறகு ஒரு வெண்கல வட்டத் தகடு. அந்தத் தகட்டைச் 'செத்தவன் காசு' என்றே மக்கள் சொன்னார்கள். 13 லட்சத்துக்கும் அதிகமாக வார்க்கப்பட்ட அதிலும் பெயர் மட்டும்தான் உண்டு, பதவி கிடையாது. பூப்போட ஓர் இடம் இல்லை, நின்று அழ ஒரு மேடு இல்லை. அந்த இல்லாமையை நிரப்பத்தான் ஊருக்கு ஊர் அந்தச் சிலுவைகள் எழுந்தன. அதனால்தான் பல கல்லறைத் தோட்டத்திலேயே வைக்கப்பட்டன. தாத்தாவும் பாட்டியும் படுத்திருக்கும் மண்ணில், பேரனுக்கு உடல் இல்லாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

நடுகல் அறிந்த நமக்கு இது புதிதில்லை என்று தோன்றலாம். ஆனிரை மீட்டு மடிந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பெருமையும் எழுதிய வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் நடுகல் பெரும்பாலும் ஒருவனுக்கானது. அவன் செய்த வீரச்செயலைச் சொல்வது. இங்கிலாந்துக் கிராமத்துச் சிலுவை யாருடைய வீரச்செயலையும் சொல்லாது. முதல் நாளே குண்டடிபட்டவனும், நான்காண்டு தாக்குப்பிடித்துக் கடைசி வாரம் விழுந்தவனும், முகாமில் காய்ச்சலில் போனவனும் அதில் ஒரே வரிசை.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, ஆலயத்துக்கு உள்ளே போய்ச் சுவர்களைப் பார்த்தால் விளங்கும். 19-ஆம் நூற்றாண்டுப் போர்களுக்கான பளிங்குப் பலகைகள் அங்கே இருக்கும். கேப்டன் இன்னார், கர்னல் இன்னார், பண்ணையாரின் இளைய மகன். சாதாரணச் சிப்பாயின் பெயரை அங்கே தேடிக் காண்பது அரிது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகுதான் சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களைப் பரவலாகப் பொறிக்கும் வழக்கம் தொடங்கியது. அதுவும் பெரும்பாலும் ரெஜிமெண்ட் தலைமையகங்களிலும் நகரங்களிலும்தான். முதல் உலகப்போருக்குப் பிறகு அது ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேர்ந்தது. பல ஊர்களில் அகர வரிசையில், பதவியே குறிப்பிடாமல் பெயர்களை எழுதினார்கள். பண்ணையாரின் மகனுக்கு மேலே அவர் குதிரை லாயத்துப் பையன் பெயர் வந்தது. உயிரோடு இருந்த காலத்தில் ஆலயத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திராதவர்கள் கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கற்சிலுவையின் வரலாற்று முக்கியத்துவம் என்னவென்று என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்வது இதைத்தான்.

இதை அரசு கட்டவில்லை என்பதும் முக்கியம். எந்தச் சட்டமும் இல்லை, அரசாணை இல்லை, மானியம் இல்லை. 1919 தொடங்கி ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள். குருவானவர், பள்ளித் தலைமையாசிரியர், பண்ணையார், திரும்பிவந்த வீரர்கள், மகனை இழந்த தகப்பன்மார் அதில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். பண்ணையார் நூறு பவுன் கொடுத்தாலும் கூலிக்காரர் சில பென்னி கொடுத்தாலும் நன்கொடைப் பட்டியலில் பெயர் ஏறியது. இதற்கு முன்னோடியாகப் போர்க்காலத்திலேயே லண்டனின் கிழக்குப் பகுதித் தெருக்களில் மக்கள் தாங்களாகவே சிறு பலகைகள் வைத்து, தெருவிலிருந்து போனவர்களின் பெயர்களை எழுதிப் பூ வைத்தார்கள். 1916-இல் ராணி மேரியே அவற்றைப் பார்க்க ஹாக்னிக்கு வந்தார்.

குழு என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா? எங்கே வைப்பது என்பதே முதல் சண்டை. ஆலயத் தோட்டத்தில் வைத்தால் அது இங்கிலாந்துத் திருச்சபையின் மண். வேறு சபைகளைச் சேர்ந்த மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும், 'எங்கள் பிள்ளைகளும்தானே செத்தார்கள், நடுத்தெருவில் வையுங்கள்' என்றார்கள். அடுத்தது, என்ன வைப்பது என்பது. செத்தவர்களுக்குக் கல் எதற்கு, இருப்பவர்களுக்கு ஒரு மண்டபம் கட்டலாம், மருத்துவமனையில் படுக்கை வாங்கலாம், குடிநீர்க் குழாய் போடலாம் என்று ஒரு தரப்பு. பயன்படும் பொருள் வேண்டாம், அவர்களுக்கென்று மட்டும் ஒன்று இருக்கட்டும் என்று இழந்தவர்களின் தரப்பு. இன்றும் இங்கிலாந்துக் கிராமங்களில் 'நினைவு மண்டபம்' என்ற பெயரில் குழந்தைகளின் நடன வகுப்பும் முதியோர் மதிய உணவும் நடக்கும் கட்டடங்கள் முதல் தரப்பு வென்ற ஊர்களுக்கு அடையாளம்.

ஆலயத் தோட்டம் என்று முடிவானால், திருமண்டலத்தின், அதாவது ஆயரின் ஆளுகைப் பகுதியின், நீதிபதியிடம் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். வரைபடம், வாசகம், கல்லின் வகை, நிற்கும் இடம் எல்லாம் காட்ட வேண்டும். உங்கள் ஊர்க் குழு இன்று கழுவுவதற்குக் கூட்டம் போடுகிறதே, அதன் வேர் இந்த முறையில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வடிவம் ஏன் ஊருக்கு ஊர் ஒத்திருக்கிறது? ஒரே ஆள் செய்தது என்பதால் அல்ல. போர்க்களக் கல்லறைகளுக்காக ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் வடிவமைத்த தியாகச் சிலுவை, கல்லின் முகத்தில் தலைகீழான வெண்கல வாளோடு நிற்பது, எல்லோர் கண்ணிலும் பதிந்திருந்தது. மகனின் கல்லறையில் நிற்பது போலவே ஊரிலும் நிற்கட்டும் என்று பலர் கேட்டார்கள். உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்கள் பக்கத்துக் கல்லிலேயே அதைச் செதுக்கினார்கள். கார்ன்வாலில் கருங்கல்லில் கெல்டிக் வளையச் சிலுவை, காட்ஸ்வோல்ட்ஸில் தேன் நிறச் சுண்ணாம்புக் கல். சில ஊர்களில் ஆலய வாசலில் கூரை வேய்ந்த நுழைவாயில் கட்டி அதன் உள்ளே பெயர்களை எழுதினார்கள். அதன் கீழேதான் சவப்பெட்டியைச் சற்று இறக்கி வைத்துக் குருவானவரை எதிர்கொள்வது வழக்கம் என்பதால், வராத சவப்பெட்டிகளுக்கு அது பொருத்தமாக அமைந்தது. பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் கிராமங்களுக்கு உழைத்தார்கள். புது தில்லி இந்தியா கேட்டை வடிவமைத்த எட்வின் லட்டியன்ஸ்தான் சாமர்செட்டின் மெல்ஸ் என்ற குக்கிராமத்து நினைவுத் தூணுக்கும் இடம் பார்த்து வடிவம் கொடுத்தார். லண்டனில் அவர் வடிவமைத்த செனோடாஃப் என்ற போர் நினைவுச்சின்னம் முதலில் 1919 ஜூலை அணிவகுப்புக்காக மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக வைத்தது. மக்கள் அதன் அடியில் மலைபோல் பூக்களைக் குவித்ததைப் பார்த்த பிறகுதான் கல்லில் கட்டி, 1920 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். 'செனோடாஃப்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெற்றுக் கல்லறை என்று பொருள். உங்கள் ஊர்ச் சிலுவையும் அதுவேதான்.

இப்போது அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நில்லுங்கள். எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். சில ஊர்களில் 1914–1918 என்றும், சில ஊர்களில் 1914–1919 என்றும் இருக்கும். எழுத்துப்பிழை இல்லை. துப்பாக்கி ஓய்ந்தது 1918 நவம்பர் 11. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. எதைப் போரின் முடிவு என்று ஊர் கருதியதோ அதைப் பொறித்தார்கள். 1919 என்று போட்ட ஊரில், போர் நின்ற பிறகு காயத்தாலோ இன்ஃபுளுயன்சாவாலோ இறந்தவரின் பெயரும் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, குடும்பப் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பிகள் அல்லது பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். குளோஸ்டர்ஷயரில் கிரேட் ரிஸ்ஸிங்டன் என்றொரு சின்ன ஊர். அதன் ஆலயத்துக்குள் இருக்கும் நினைவுப் பலகையில் 'சோல்ஸ்' என்ற குடும்பப் பெயர் ஐந்து முறை வருகிறது. ஆல்பர்ட், வால்ட்டர், ஃபிரெடரிக், ஆல்ஃபிரெட், ஆர்தர். ஐவரும் ஒரே தாயின் மக்கள். ஆல்பர்ட் 1916 மார்ச்சில் போனான். அந்தக் கோடைக்குள் இன்னும் இருவர். ஆல்ஃபிரெடும் ஆர்தரும் இரட்டையர். 1918 ஏப்ரலில் ஐந்து நாள் இடைவெளியில் இருவரும் போனார்கள். ஃபிரெடரிக்கின் உடல் கிடைக்கவே இல்லை. அவன் என்றாவது வருவான் என்று தாய் ஆனி பல காலம் சன்னலில் மெழுகுவத்தி ஏற்றிவைத்தார் என்றும், அரசரை வாழ்த்தும் நாட்டுப்பண் பாடும்போது அவர் எழுந்து நிற்க மறுத்தார் என்றும் அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். அந்த ஊர்ப் பலகை ஐந்து வரிகளில் சொல்வது இதைத்தான். வரலாற்று நூல்கள் லட்சக் கணக்கில் சொல்லும்போது நம் மனம் மரத்துப்போகிறது. ஒரே குடும்பப் பெயர் ஐந்து முறை கல்லில் வரும்போது அப்படி மரத்துப்போக முடிவதில்லை.

மூன்றாவதாக, இறந்த தேதிகள் பொறித்திருந்தால் அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பல பெயர்களுக்கு ஒரே தேதி இருந்தால், அன்று அந்த வட்டாரப் படைப்பிரிவு தாக்குதலுக்குப் போயிருக்கிறது என்று கொள்ளலாம். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள்: பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் அந்த ஒரே நாளில் மாண்டார்கள். லங்காஷயரின் அக்ரிங்டன் பகுதியில் நண்பர்களாகச் சேர்ந்து போன பட்டாலியனில் அன்று காலை ஏறத்தாழ 700 பேர் முன்னேறினார்கள்; அரை மணி நேரத்துக்குள் 584 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். ஊரார் சேர்ந்து போகலாம், சேர்ந்து இருக்கலாம் என்று ஆசைகாட்டி ஆள் சேர்த்ததன் மறுபக்கம் இது: ஒரே தெருவில் பல வீடுகளுக்கு ஒரே வாரத்தில் சேதி வந்தது.

பிறகு கீழே குனிந்து பாருங்கள். பீடத்தின் அடிப்படிக்கட்டில் அல்லது பக்கவாட்டில், வேறு எழுத்து வடிவத்தில், நெருக்கி நெருக்கி இன்னொரு பட்டியல் இருக்கும்: 1939–1945. பெரும்பாலும் மேலே உள்ளதைவிடச் சிறியது. அந்த நெருக்கலுக்குக் காரணம், 1920-இல் கல்லை நட்டவர்கள் இடம் விட்டுவைக்கவில்லை என்பதுதான். இன்னொரு போர் வரும் என்று எண்ணாமல், 'மாபெரும் போர்' என்று ஒற்றையாகப் பெயரிட்டார்கள். அதற்கு எண் கொடுக்க வேண்டிய நிலை இருபது ஆண்டுக்குள் வந்தது.

இல்லாத பெயர்களும் கல்லின் வரலாற்றில் சேர்த்திதான். யாரைச் சேர்ப்பது என்பதை ஊர்தான் முடிவு செய்தது. வேறு ஊருக்கு வேலைக்குப் போய் அங்கிருந்து படையில் சேர்ந்தவனை எந்த ஊர் எழுதுவது? சிலர் இரண்டு மூன்று ஊர்க் கற்களில் இருக்கிறார்கள், சிலர் எங்குமே இல்லை. களத்தைவிட்டு ஓடியதாகச் சொல்லி ராணுவமே சுட்டுக் கொன்றவர்கள் நிலை இன்னும் கடினம். கென்ட் மாவட்டத்து ஷோர்ஹாம் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளி தாமஸ் ஹைகேட் பதின்ம வயதைத் தாண்டாதவன். போர் தொடங்கி ஐந்தே வாரத்தில், 1914 செப்டம்பர் 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்டான்; அப்படிக் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் அவன்தான். 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஊர் நினைவுப் பலகையைப் புதுப்பித்தபோது, அவன் பெயரைச் சேர்ப்பதா என்று கிராம ஊராட்சி வாக்கெடுத்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. 2006-இல் ஒரு சட்டத்தின் மூலம் அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஊர் மன்னிப்பதும் சட்டம் மன்னிப்பதும் வேறுவேறு என்பதை இந்த ஒரு பெயர் காட்டிவிடுகிறது.

அந்தச் சிலுவையே இல்லாத கிராமங்களும் உண்டு. 1930-களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர், போனவர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பிவந்த ஊர்களுக்கு 'நன்றியுள்ள கிராமங்கள்' என்று பெயரிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் தேடித் துருவியும் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்களே அகப்பட்டன. பல்லாயிரம் ஊர்களில் வெறும் ஐம்பது சொச்சம்.

அருகில் போய்ப் பார்க்க ஓர் இடம் சொல்லச் சொன்னால் நான் கிழக்கு சசெக்ஸின் பர்வாஷ் கிராமத்தைச் சொல்வேன். ஆலயத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கல் நினைவுச்சின்னத்தின் உச்சியில் ஒரு விளக்கு இருக்கிறது. அதில் எழுதப்பட்டுள்ள ஒவ்வொருவரின் இறந்த நாள் வரும்போதும் அந்த விளக்கு எரியும். நம் வீடுகளில் திதிக்கு விளக்கேற்றுவது போலத்தான். அங்கே உள்ள பெயர்களில் ஒன்று ஜான் கிப்ளிங். பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன். கண்பார்வைக் குறைவு என்று ராணுவம் திருப்பி அனுப்பிய பையனை, தகப்பனே தன் செல்வாக்கைப் பயன்படுத்திச் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பர் 27, பிரான்ஸில் லூஸ் போர், வயது 18. உடல் கிடைக்கவில்லை. தகப்பன் பல ஆண்டுகள் தேடினார். பிறகு அவரே போர்க் கல்லறை ஆணையத்தில் உறுப்பினராகி, கற்களுக்கான வாசகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். 'அவர்கள் பெயர் என்றென்றும் வாழும்' என்ற விவிலிய நூல் வரியும், அடையாளம் தெரியாதவரின் கல்லில் உள்ள 'கடவுள் அறிவார்' என்ற பொருள்படும் வாசகமும் அப்படி வந்தவை. ஜானின் கல்லறை இதுதான் என்று 1992-இல் ஆணையம் அறிவித்தபோது கிப்ளிங் இறந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடத்தில் நம்மைப் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அதே போருக்கு நம் ஊர்களிலிருந்தும் போனார்கள். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறங்கியது. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பாலம் கட்டினார்கள். நம் ஊர்களிலும் அதற்குக் கல் உண்டு. திருச்சி காந்தி மார்க்கெட் அருகே ஒன்றைப் பார்க்கலாம். கிராமங்களில் பழைய கட்டடச் சுவர்களில் சிறு பலகைகளைப் பார்க்கலாம். வாசகம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்று: இந்த ஊரிலிருந்து 1914–1919 மாபெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள். எண்ணிக்கை மட்டும்தான். பெயர் கிடையாது.

இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. 30,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே கல், ஒரே மரியாதை என்று உரக்கச் சொன்ன அதே ஆணையம்தான் இதைச் செய்தது. 2021-இல் ஆணையமே அமைத்த சிறப்புக் குழு இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது: ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. உங்கள் ஊர்ச் சிலுவையில் குதிரை லாயத்துப் பையனின் பெயர் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வலியும் சேர்ந்தே வருவது இதனால்தான். பெயரைக் கல்லில் எழுதுவது எவ்வளவு பெரிய மரியாதை என்பது, எழுதாமல் விடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு நன்றாகவே தெரியும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பிரிட்டன் முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் போர் நினைவுச்சின்னங்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றைப் பட்டியலிடும் பெரும்பணியை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1989-இல் தொடங்கி இன்றும் நடத்துகிறது. அரசு கட்டாததால் பராமரிக்கும் பொறுப்பும் அரசுக்கு இல்லை. 1923-இல் வந்த சட்டம், உள்ளாட்சிகள் நினைவுச்சின்னங்களுக்காகச் செலவு செய்யலாம் என்று அனுமதித்ததே தவிர, செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆலயத் தோட்டத்தில் உள்ளதைப் பெரும்பாலும் ஆலயக் குழுதான் கவனிக்கிறது. பல ஊர்களில் கிராம ஊராட்சி கைகொடுக்கிறது. 2014 முதல் 2018 வரை நூற்றாண்டு நினைவையொட்டி 2,500 நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்க்க, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு சார்ந்த அமைப்பு திட்டமிட்டுச் செயல்பட்டது. உங்கள் ஊர்ச் சிலுவையும் பட்டியலில் இருந்தால், திருமண்டல அனுமதியோடு அந்த விதிகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இத்தனை கெடுபிடி வீண் என்று நினைக்காதீர்கள். கெடுதலில் பாதி, நல்லெண்ணத்தில் நேர்வது. அழுத்தமாக நீரைப் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவினால் சுண்ணாம்புக் கல்லின் மேல்தோல் உரிந்து, நூறாண்டு மழை செய்யாத சேதம் அரை மணியில் நடந்துவிடும். பிளீச்சும் அமிலமும் கல்லுக்குள் இறங்கி உப்பாகப் பூத்து உள்ளிருந்தே உதிர்க்கும். கம்பிப் பிரஷ் கீறிய கோடுகளில் அழுக்கு முன்னைவிட வேகமாகப் படியும். எழுத்துகள் ஈயத்தால் ஆனவை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கல்லில் எழுத்தை வெட்டி, அந்தப் பள்ளத்தில் சிறு துளைகளிட்டு, அவற்றுக்குள் ஈயத்தை அடித்து இறக்கி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்து எடுத்தவை அவை. ஓர் எழுத்து விழுந்தால் கல்லில் ஆழமற்ற பள்ளமும் சில குட்டித் துளைகளும் மட்டும் மிஞ்சும். நான் வழக்கமாகப் போகும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து அப்படித்தான் போய்விட்டது. அந்தத் துளைகளின் அமைப்பை வைத்து, அது என்ன எழுத்து என்று கல்தச்சர் ஒருவர் விரலால் தடவியே சொன்னார்.

கல்லின் மேல் உள்ள சாம்பல், ஆரஞ்சு நிறப் படலங்கள் அழுக்கு இல்லை. அவை கல்பாசி, மிக மெதுவாக வளர்பவை. எழுத்தை மறைக்காதவரை அவற்றைத் தொடாமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. போர் நினைவுகள் அறக்கட்டளை என்று 1997 முதல் இயங்கும் அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. பழுதுபார்க்க நிதி உதவியும் செய்துவந்திருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவுக்கு அவர்களைப் பரிந்துரையுங்கள்.

தோட்டத்தைவிட்டு வெளியே வருமுன் வாசற்கதவில் சிறிய பச்சைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் உள்ளே உண்டு என்று அது சொல்லும். பிரிட்டனில் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் அப்படிப்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. காயத்தோடு ஊர் வந்து சேர்ந்து மருத்துவமனையில் இறந்தவர்கள், பயிற்சியில் இறந்தவர்கள் அவர்கள். சிலுவையில் உள்ள பெயர்களில் ஒன்றிரண்டு பேர் அப்படி அந்தத் தோட்டத்திலேயே உண்மையாகவே படுத்திருக்கவும் கூடும். உங்கள் முதல் கேள்விக்கு நான் சொன்ன 'இல்லை'க்கு அது ஒன்றுதான் விலக்கு.

பெயர்களைத் தேட நினைத்தால் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் ரெஜிமெண்டும் கொடுத்தாலே போதும். இறந்த நாள், கல்லறை இருக்கும் நாடு, பல நேரங்களில் பெற்றோர் பெயரும் வீட்டு முகவரியும்கூட வரும். உங்கள் தெருவின் பெயரே அதில் வந்தால் வியப்படையாதீர்கள். முதலில் கல்லைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள். எழுத்துகள் தட்டையாகத் தெரியும். மாலையில், வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். வெட்டிய பள்ளங்களில் நிழல் இறங்கி, தேய்ந்துபோன பெயர்களும் சற்று நேரம் தெளிவாகத் தெரியும்.